நாலாம் அறையின் குப்பை

மார்ச் 2 — 214
மார்ச் 9 — 201
மார்ச் 16 — 176
மார்ச் 23 — 140
மார்ச் 30 — 97
ஏப்ரல் 6 — 71

இவை ஓர் ஆய்வுக்கூடத்தின் விலங்குப் பிரிவில், மூன்று எலிகளிடமிருந்து எடுத்த ரத்தத்தில் கண்ட புழுக்குஞ்சுகளின் கூட்டுத்தொகை. எலிக்கு ஒரு துளி. மார்ச் 27 அன்று ஒரு எலி இறந்துவிட்டதால் கடைசி இரண்டு தொகைகளும் இரண்டு எலிகளுடையவை. துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, உலர்த்தி, சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்து எண்ணியவள் ஒரே ஆள். வயது ஐம்பத்தாறு. எல்லோரும் அவளை நாலாம் நம்பர் அக்கா என்பார்கள். ஏனென்றால் அவள் வேலை செய்தது நாலாம் அறையில்.

அந்தத் தொகை பூஜ்யத்தைத் தொடுவதற்குள் அவளுக்கு எலி உண்ணி வேண்டும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஊர்கிற, எள்ளில் பாதி அளவுள்ள பூச்சி. அது கிடைக்காவிட்டால் இருபத்தெட்டு வருடமாக அவள் கையில் அறுபடாமல் வந்த ஒரு புழுவின் வம்சம் அத்தோடு முடிந்தது. அதைத் தவிர, இது என்னுடையது என்று அவள் சொல்லிக்கொள்ளும்படி உலகத்தில் பெரிதாக எதுவும் இல்லை.

யானைக்கால் நோயைத் தருகிற புழுவுக்கு மனித உடம்பை விட்டால் வேறு போக்கிடம் தெரியாது. எலிக்குள் விட்டால் பிழைக்காது. நோயாளியைத் திறந்து பார்த்து மருந்து வேலை செய்கிறதா என்று சோதிக்கவும் வழியில்லை. அதனால் ஆராய்ச்சிக்காரர்கள் அதன் பங்காளி ஒன்றைப் பிடித்தார்கள். அது பருத்தி எலி என்ற ஒருவகை எலியின் நெஞ்சுக்கூட்டுக்குள் வெள்ளை நூல் போலச் சுருண்டு கிடக்கும். அதன் குஞ்சுகள் ரத்தத்தில் நீந்தும். உண்ணி அந்த ரத்தத்தைக் குடிக்கும். உண்ணியின் வயிற்றில் இரண்டு வாரம் வளர்ந்த குஞ்சு, அது அடுத்த எலியைக் கடிக்கும்போது உள்ளே இறங்கும். இரண்டு மாதம் கழித்து அந்த எலியின் ரத்தத்திலும் குஞ்சுகள் தெரியும். புதிய மருந்து எதுவானாலும் முதலில் இந்த எலிக்குத்தான் கொடுத்துப் பார்ப்பார்கள். இங்கே தோற்ற மருந்து மனிதன் பக்கம் போகாது. பெரும்பாலானவை இங்கேதான் தோற்றன.

ஆக, எலி, உண்ணி, புழு என்று மூன்று குடும்பங்களை ஒருசேரக் காப்பாற்றுவது அக்காவின் வேலை. எலிகளுக்கு மூக்குக்கு மேல் கோபம். கையுறையைத் தாண்டிக் கடிக்கும். வாலைப் பிடித்துத் தூக்கினால் வால் தோலை உரித்துக் கையில் கொடுத்துவிட்டு ஓடும். ஆனாலும் எலி பெரிய பாடில்லை. பாடு உண்ணிதான். அது வாழ்வது கூண்டுக்குள் கிடக்கிற பழைய மரத்தூளில், எச்சத்தில், உதிர்ந்த முடியில். மற்ற அறைகளில் அழுக்கு இருந்தால் விளக்கம் கேட்பார்கள். நாலாம் அறையில் அழுக்கு இல்லாவிட்டால்தான் கேட்க வேண்டும். அங்கே மரத்தூளை மாற்றமாட்டார்கள். பழைய குப்பையில் ஒரு பிடி எடுத்துப் புதுக் கூண்டில் போடுவார்கள், பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி. உண்ணி வெளியே ஓடிவிடாமல் கூண்டுகளும் சேமிப்பு டப்பாக்களும் எண்ணெய் ஊற்றிய தட்டுகளில் நின்றன.

அக்கா அடிப்படையில் சுத்தக்காரி. வாடகைக்கு இருந்த மாடி அறையில் போர்வையின் நான்கு முனையும் ஒன்றோடொன்று பொருந்தும். துடைத்த தரையில் அவள் காலடியைத் தவிர வேறு காலடி விழாததால் அது மறுநாள் வரை துடைத்தது போலவே இருக்கும். வாசலில் அழைப்பு மணி ஒன்று இருந்தது. யாரும் அழுத்துவதில்லை. கெட்டுப்போய்விடக் கூடாதே என்று மாதம் ஒரு தடவை அவளே வெளியே போய் நின்று அழுத்திப் பார்த்துவிட்டு உள்ளே வருவாள்.

கல்யாணப் பேச்சு மூன்று தடவை வந்தது. யானைக்கால் புழு வளர்க்கிற பெண் என்று கேள்விப்பட்டதும் முதல் இரண்டு வீட்டாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது வீட்டார் வேலையை விட்டுவிடச் சொன்னார்கள். அவள் யோசித்துச் சொல்கிறேன் என்றாள். யோசித்து முடிப்பதற்குள் அவர்களுக்கு வேறு இடம் அமைந்துவிட்டது.

பெற்றோர் போன பிறகு அவளுக்கென்று இருந்தது ஒரு தங்கை. தங்கையைப் படிக்கவைத்ததும் கட்டிக்கொடுத்ததும் அக்காதான். அந்தச் சம்பந்தமும் கிட்டத்தட்ட முறிந்து ஒட்டியதுதான். மாப்பிள்ளையின் அம்மா, "அந்தப் புழு உங்க அக்கா கையில ஒட்டிக்கிட்டு வருமா?" என்று நேராகவே கேட்டாள். "இது எலிப் புழு. மனுஷ உடம்புல பிழைக்காது. உண்ணியும் என்னைத் தாண்டி வெளியே வராது. உடை மாத்தி, குளிச்சுட்டுத்தான் கிளம்புவேன்" என்று அக்கா அன்று வாக்குக் கொடுத்தாள். கல்யாணத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாக்கு பதினேழு வருடம் நின்றது. ஒன்றுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போவாள். ஆய்வுக்கூடத்தில் குளித்துவிட்டுத்தான் அங்கிருந்து கிளம்புவாள். இருந்தாலும் தங்கை வாசலிலேயே துண்டை நீட்டுவாள்.

"முதல்ல குளிச்சுட்டு வா, அக்கா."

"குளிச்சுட்டுத்தாண்டி வந்தேன்."

"என் கண்ணுக்கு ஒரு தடவை குளி. தண்ணி என்ன, காசா?"

தங்கை மகள் அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பாள். "பெரியம்மா, இன்னிக்கு யாரையெல்லாம் கூட்டிட்டு வந்தீங்க?"

"உன்னைக் கடிக்கிறவனா ஒருத்தனைத்தான் தேடிக்கிட்டிருக்கேன். வயசு வரட்டும்."

அந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு துண்டு, ஒரு கோப்பை, ஒரு தட்டு தனியாக இருந்தன. அவள் அதை ஒதுக்கிவைத்தல் என்று எடுத்துக்கொள்ளவில்லை. தனக்கென்று ஒரு தட்டு ஒரு வீட்டில் இருப்பதாகவே எடுத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 22 அன்று தங்கைக்கு வயிற்றில் அவசர அறுவைச் சிகிச்சை என்று கூடத்துக்குத் தொலைபேசி வந்தது. அக்காவுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. குளித்தாள், உடை மாற்றினாள், எல்லாம் முறைப்படி செய்தாள். கிளம்பும்போது, ஆஸ்பத்திரி நாற்காலியில் எத்தனை நாள் உட்கார வேண்டுமோ என்று, முதுகுவலிக்காக நாலாம் அறைக்கு வெளியே தன் நாற்காலியில் போட்டிருந்த பஞ்சுத் திண்டைக் கையில் இடுக்கிக்கொண்டாள். கூடத்திலிருந்து எதையும் வெளியே எடுத்துப் போகாதவள் எடுத்துப்போன ஒரே பொருள் அதுதான்.

எலிகளுக்குத் தீனியும் தண்ணீரும் வைக்கும் பொறுப்பை ஸ்டோர்காரரிடம் விட்டுப்போனாள். ஸ்டோர்காரர் மனைவியை இழந்தவர், வாயாடி, நல்ல மனசு. பதினொரு வருடமாக எல்லா அறைகளுக்கும் மரத்தூள் மூட்டை கொடுத்துக்கொண்டிருந்தவர். நாலாம் அறை மட்டும் மூட்டை கேட்டு வருவதே இல்லை என்பதை அவர் கவனித்து வைத்திருந்தார். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு அந்த அம்மா நாற்றத்தில் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டார். வேலையின் விவரம் அவருக்கு யாரும் சொன்னதில்லை, அக்கா உட்பட.

மார்ச் 1 அன்று காலை அவள் திரும்பி வந்தபோது ஸ்டோர்காரர் நாலாம் அறை வாசலில் மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

"வாங்க மேடம். தங்கச்சி எப்படி இருக்காங்க?"

"வீட்டுக்கு வந்துட்டா. நடக்கிறா."

"நல்லது. இப்போ உங்களுக்கு ஒரு சந்தோஷம் வெச்சிருக்கேன். கதவைத் திறந்து பாருங்க."

திறந்தாள். பினாயில் வாடை முகத்தில் அறைந்தது. சுவர் கழுவியிருந்தது. தரை பளபளத்தது. காலியான அறையில் அவள் மூச்சு அவளுக்கே கேட்டது.

"குப்பை எங்கே?"

"எரிச்சாச்சு. சுத்தம் பண்றவங்களை நாலு பேரைப் பிடிச்சு, ரெண்டு தரம் பூச்சி மருந்தும் அடிச்சாச்சு. மூலையில எண்ணெய்த் தட்டுல நின்ன பழைய டப்பாக்களைக்கூட விடலை. ஈ எறும்பு இருந்தா என் பேரை மாத்திக் கூப்பிடுங்க."

"எலி?"

"அதை விடுவேனா? மருந்து படாம முன்னாடியே ரெண்டாம் ரூமுக்கு மாத்திட்டேன். புதுக் கூண்டு, புது மரத்தூள். ஒண்ணு என் கட்டைவிரலைக் கடிச்சது. தாங்க்ஸ்னு சொல்லிட்டு வந்தேன்."

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவர் முகத்தைப் பார்த்தபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. யாரும் அவளுக்காக இவ்வளவு மெனக்கெட்டதில்லை.

"சார்," என்றாள், "அந்தக் குப்பைதான் என் வேலை."

அவள் விளக்கிச் சொல்லச் சொல்ல ஸ்டோர்காரர் முகத்தில் ஈயாடவில்லை. கடைசியில், "ஒரு மூட்டையாவது கேட்டிருக்கக் கூடாதா மேடம்?" என்றார்.

பிரிவின் தலைவி ஒரு டாக்டரம்மா, வந்து மூன்று வருடம் ஆனவர். கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். "மூணு எலி ரத்தத்துல குஞ்சு இருக்கு. குட்டி எலிங்களும் இருக்கு. நடுவுல தூக்கிட்டுப் போக ஆள் இல்லை. அவ்வளவுதானே அக்கா?"

"அவ்வளவுதான்."

"மூணும் கிழம்."

"ஆமா."

டாக்டரம்மா இரண்டு வெளி ஆய்வுக்கூடங்களுக்கு எழுதினார். ஒன்று அந்த வேலையை எப்போதோ மூடிவிட்டது. மற்றது அனுமதி வாங்கி அனுப்ப ஆறு மாதம் ஆகும் என்றது. ஜூன் கடைசியில் மேலிடக் கூட்டம். அதற்குள் புழுவின் வம்சம் உயிரோடிருப்பதைக் காட்டாவிட்டால் நாலாம் அறை மீன் வளர்ப்புக்குப் போகும், அக்கா பதிவேட்டுப் பிரிவுக்குப் போவாள். அவளுக்கு ஓய்வுபெற இன்னும் நாலு வருடம் இருந்தது.

உண்ணியை வெளியில் பிடிப்பதென்று அவள் முடிவு செய்தாள். எலி நடமாடுகிற பழைய இடங்களில் அது இருக்கும். வேலை முடிந்து, சட்டைப் பையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி, ஒரு மெல்லிய தூரிகை இரண்டையும் போட்டுக்கொண்டு கிளம்புவாள். தானியக் கிடங்கு, காகித ஆலையின் பின்கட்டு, மூடிக் கிடந்த அச்சகம். அங்கே சட்டைக் கையை முழங்கை வரை மடித்து, எலி வளைக்குப் பக்கத்தில் வெறுங்கையை வைத்துக்கொண்டு உட்காருவாள். உடம்புச் சூடு தெரிந்தால் உண்ணி தேடி வரும். கிடங்குக் காவலாளி முதல் நாள் வேடிக்கை பார்த்தான். மறுநாள் தன் மனைவியையும் கூட்டிவந்து காட்டினான்.

மூன்றாம் வாரம் ஸ்டோர்காரரும் வந்து சேர்ந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என் கையையும் வெச்சுக்குங்க. சக்கரை இருக்கு எனக்கு. அதுக்குப் பிடிக்கும்."

"சார், வீட்டுக்குப் போங்க."

"போய் யார்கிட்ட பேசறது? சுவரு கூட என்னைப் பார்த்தா திரும்பிக்குது."

இருவரும் ஆளுக்கொரு கையை நீட்டிக்கொண்டு, யாருக்கோ தானம் கொடுக்கக் காத்திருப்பவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். எதுவும் வரவில்லை. அச்சகத்தில் மட்டும் அவளுக்கு ஏழு பூச்சி கிடைத்தது. எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கூடத்துக்கு வந்தாள். டாக்டரம்மா நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"இது புறா உண்ணி, அக்கா. கூரையில புறா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"முதுகு ஓடு வேற மாதிரி, பாருங்க."

பார்த்தாள். வேறு மாதிரிதான் இருந்தது. அவசரத்தில் அவள் கண் பார்க்க விரும்பியதைப் பார்த்திருந்தது. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு தப்பு அவளுக்கு வந்ததில்லை. மறுநாள் மூன்று கிழட்டு எலிகளில் ஒன்று இறந்தது. துளிகளில் குஞ்சுகள் குறைந்துகொண்டே வந்தன. ஒவ்வொரு திங்கட்கிழமையும் எண்ணியதையே இன்னொரு தடவை எண்ணினாள்.

இவ்வளவிலும் தங்கை வீட்டுக்குப் போவதை அவள் விடவில்லை. ஏப்ரல் 5, ஞாயிற்றுக்கிழமை. தங்கை வாசலில் துண்டை நீட்டவில்லை. உள்ளே அழைத்துப் போய் மகளின் சட்டையை இடுப்பு வரை தூக்கிக் காட்டினாள். இடுப்புப் பட்டை இறுகுகிற இடத்தில் சிவப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்தன.

அக்காவுக்கு விளக்கு வைத்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவள் இடுப்பிலும் மணிக்கட்டிலும் இருபத்தெட்டு வருடமாக இருக்கிற வரிசை அது.

"எத்தனை நாளா?"

"மூணு வாரம் இருக்கும். எனக்கும் இருக்கு. அவருக்கும்."

"போன தடவை வந்தப்பவே சொல்லியிருக்கலாமே."

தங்கை சட்டையை இறக்கிவிட்டு மகளை வெளியே அனுப்பினாள். "சொன்னா நீ வர்றதை நிறுத்திடுவே. உன்னை எனக்குத் தெரியாதா?"

அக்கா தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள்.

"பரண்ல எலி ஓடுது, அக்கா. ரெண்டு மாசமா ஒரே கடமுடா. வீட்டு எலி கொண்டு வந்ததுதான்னு நீ ஒரு வார்த்தை சொல்லு. நான் அவர்கிட்டயும் அப்படியே சொல்லிடறேன். விஷயம் முடிஞ்சுது."

"ஏணி இருக்கா?"

பரணில் பழைய பெட்டிகளுக்குப் பின்னால் எலிக்கூடு இருந்தது. வெள்ளைப் பஞ்சால் கட்டியிருந்தது. பஞ்சு வந்த வழியைத் தேடிப் பார்த்தபோது, குதறிக் கிடந்த நீலத் துணி கையில் பட்டது. அவளுடைய திண்டு. அறுவைச் சிகிச்சை முடிந்து தங்கை வீட்டுக்கு வந்த அன்று, இடத்தை அடைக்கிறது என்று யாரோ அதைப் பரணில் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். அவளும் கேட்க மறந்து போய்விட்டாள். கூட்டுக்குப் பக்கத்தில் அவள் கையை வைத்தாள். பத்து எண்ணி முடிப்பதற்குள் உண்ணிகள் வந்துவிட்டன. ஈரத் தூரிகையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் குப்பிக்குள் போட்டாள். சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று பரணில் குனிந்து உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரியவில்லை.

கூட்டையும் திண்டையும் பையில் கட்டிக்கொண்டு இறங்கினாள்.

"வீட்டு எலிதானே?" என்றாள் தங்கை.

"பார்த்துட்டுச் சொல்றேன்."

பார்ப்பதற்கு வழி இருந்தது. சாதாரண வீட்டு எலியிடம் அந்தப் புழு கிடையாது. உண்ணியின் வயிற்றில் புழுக்குஞ்சு இருந்தால், அந்த உண்ணி நாலாம் அறையில் பருத்தி எலியின் ரத்தம் குடித்தது. வேறு பேச்சே இல்லை.

மறுநாள் டாக்டரம்மா முதுகு ஓட்டைப் பார்த்து எலி உண்ணிதான் என்றார். அக்கா இருபது உண்ணிகளை ஒவ்வொன்றாக ஊசிமுனையால் கிழித்தாள். பதினாறு வரை எதுவும் இல்லை. திண்டு தன்னுடையது என்றாலும், உண்ணி வீட்டு எலியுடையதாகவே இருக்கலாம் என்று அந்தப் பதினாறிலும் அவளுக்கு ஒரு நம்பிக்கை ஓடியது. உண்ணி எந்த வகையில் வந்தாலும் உண்ணிதான். வம்சத்துக்கு அது போதும். வாக்கும் பிழைத்துவிடும். பதினேழாவதில் ஒரு குஞ்சு நெளிந்தது. பத்தொன்பதாவதில் இன்னொன்று.

"அக்கா, இது நம்மோடது!" டாக்டரம்மா அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். "எங்கே போய் ஒளிஞ்சிருந்துச்சு பாருங்களேன்."

"ஆமா," என்றாள் அக்கா. "நம்மோடதுதான்."

அன்று எண்ணிய தொகைதான் 71. மிச்சமிருந்த உண்ணிகளை அந்த இரண்டு கிழட்டு எலிகளின் கூண்டில் விட்டாள்.

ஏப்ரல் 12 அவள் போகிற முறை இல்லை. இருந்தாலும் போனாள். தங்கையின் கணவர் வெளியே போயிருந்தார். தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்லுது உன் கண்ணாடி?"

அக்கா நின்றுகொண்டே சொன்னாள். "என்னோடதுதான். திண்டுல வந்திருக்கு."

தங்கையின் கை மடித்த துணி மேல் நின்றது. "வீட்டு எலின்னு சொல்லுன்னு உன் வாயிலே ஊட்டி விட்டேனே, அக்கா."

"நீ கேட்டியே."

"ஊர்ல எல்லாரும் கேக்கறாங்க. எல்லாருக்கும் உள்ளதைத்தான் சொல்றாங்களா?"

"அது மனுஷ உடம்புல பிழைக்காது. கடிச்ச தடிப்பு ஒரு வாரத்துல போயிடும். பரணுக்கு மருந்தடிக்கச் சொல்லு. பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாது."

"பிழைக்காதுன்னும் நீதான் சொல்றே. வெளியே வராதுன்னும் நீதான் சொன்னே."

தங்கை அழவில்லை, குரலும் உயரவில்லை. மடித்த துணிகளை அலமாரியில் அடுக்கி முடித்த பிறகுதான் திரும்பினாள்.

"கொஞ்ச நாள் வர வேண்டாம், அக்கா. அவருக்கு நான் எப்படியாவது சொல்லிக்கறேன். நான் கூப்பிடறப்ப வா."

வாசல் வரை தங்கை மகள் வந்தாள். "பெரியம்மா, அந்தப் புழு பிழைச்சிடுச்சா?"

"பிழைச்சிடும்னு நினைக்கிறேன்."

"அப்போ நான் கடி வாங்கினதுக்கு ஒரு பிரயோஜனம்," என்று அவள் சிரித்தாள். உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டதும் போய்விட்டாள்.

ஏப்ரல் 22 முதல் உண்ணிகளைக் குட்டி எலிகளின் கூண்டுகளில் விட்டார்கள். கிழட்டு எலிகள் இரண்டும் மே மாதத்துக்குள் இறந்தன. அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை, காத்திருப்பதைத் தவிர. நாலாம் அறையில் மறுபடியும் மரத்தூள் மக்க ஆரம்பித்தது. கதவில் ஸ்டோர்காரர் தன் கையால் ஒரு பலகை எழுதி மாட்டினார்: இந்த அறையைச் சுத்தம் செய்பவர்மீது நடவடிக்கை எடுக்கப்படும்.

ஜூன் 24 காலையில் மூன்றாம் கூண்டு எலியின் துளியில் ஒரு குஞ்சு தெரிந்தது. ஒன்றே ஒன்று. சாட்டை போலச் சுருண்டிருந்தது. அவள் தகட்டை நகர்த்தாமல், யாரையும் கூப்பிடாமல், கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் டாக்டரம்மாவிடம் போனாள். மேலிடக் கூட்டம் நாலாம் அறையைத் தொடவில்லை. மீன்களுக்கு வேறு இடம் பார்த்தார்கள். புழு இல்லாமல் சோதிக்க முடியாது காத்திருந்த ஆறு புதிய மருந்துப் பொடிகளையும் எலிகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

ஸ்டோர்காரர் தேநீர் வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். உள்ளே வர அவருக்கு இப்போது பயம்.

"ஞாயித்துக்கிழமையில எல்லாம் இப்போ எங்கே போறீங்க?"

"எங்கேயும் போகலை."

"நானும் எங்கேயும் போகலை," என்றார். இன்னும் ஏதோ சொல்ல வந்தவர் போலத் தெரிந்தது. அக்கா கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தேநீர் ஆறிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆகஸ்ட் கடைசியில் ஓய்வுபெற்று மகன் இருக்கிற ஊருக்குப் போய்விட்டார். போகும் முன் நாலாம் அறைக்கென்று ஒரு மரத்தூள் மூட்டையைத் தனியாக எழுதி வைத்துவிட்டுப் போனார். அது பிரிக்கப்படாமல் மூலையில் இருக்கிறது.

தங்கை கூப்பிடவில்லை. அக்கா ஒவ்வொரு மாதமும் அவளுக்குக் கடிதம் எழுதினாள். காகிதத்தை வீட்டிலேயே வைத்து எழுதி, வீட்டிலேயே ஒட்டி, கூடத்துக்கு எடுத்துப் போகாமல் நேரே தபாலில் சேர்த்தாள். அதையும் கடிதத்திலேயே குறிப்பிட்டாள். மூன்று கடிதங்களுக்குப் பதில் வந்தது. முதல் இரண்டும் நலம், மகள் நன்றாகப் படிக்கிறாள் என்பதோடு சரி. மூன்றாவது இது:

"அக்காவுக்கு, நலம். மகளுக்கு இரண்டு தடவை ரத்தம் பார்த்தோம். ஒன்றும் இல்லை. நீ சொன்னது சரிதான். இதை அவரிடமும் சொன்னேன். அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. நாளை கிளம்புகிறோம். வீடு கிடைத்ததும் முகவரி எழுதுகிறேன். உன் கோப்பையையும் தட்டையும் மூட்டையில் கட்டிவிட்டேன். உன் திண்டு போனதற்குப் பதில் புதிதாக ஒன்று தைத்து அனுப்பலாம் என்று பார்த்தேன். நாற்காலியின் அளவு தெரியவில்லை. எழுது."

அக்கா மறுநாள் நாலாம் அறைக்கு வெளியே இருந்த தன் நாற்காலியை அளந்தாள். அகலம் பதினேழு அங்குலம், ஆழம் பதினாறு. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, முகவரி வந்ததும் அனுப்புவதற்கென்று எடுத்து வைத்தாள்.

முகவரி இதுவரை வரவில்லை. தங்கையின் அந்த மூன்றாவது கடிதம் வந்து சேர்ந்த தேதி நவம்பர் 19.